ஏரிச் சேற்றை யார் சோதிப்பது?

சில வருடங்களுக்கு முன்பு, எங்கள் ஊர்க் கண்மாய்த் தண்ணீரில் துத்தநாகம் எக்கச்சக்கமாக இருக்கிறது என்று ஆய்வகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. கண்மாய்க்கு மேற்கே முலாம் பூசும் பட்டறைகள் நாலைந்து உண்டு. அவற்றின் கழிவு எங்கே போகிறது என்பது ஊருக்கே தெரியும். ஆகவே தாளைப் பார்த்ததும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மனு எழுதி, டீக்கடையில் வைத்துக் கையெழுத்து வாங்கவும் ஆரம்பித்துவிட்டோம்.

மாதிரி எடுத்துக் கொடுத்த நண்பர் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவர். மூன்றாம் நாள் காலையில் அவரே வந்து, "மனுவைக் கொஞ்சம் நிறுத்துங்க, தப்பு எங்க பக்கம்" என்றார். மதகடியில் ஆழம் அதிகம். எட்டவில்லை என்று பக்கத்து வீட்டில் வாளி கேட்டு வாங்கி, கயிறு கட்டி இறைத்து, அதிலிருந்து பாட்டிலில் ஊற்றியிருக்கிறார்கள் மாணவர்கள். அது ஜி.ஐ. வாளி, இரும்புத் தகட்டின் மேல் துத்தநாகம் பூசியது. தாளில் இருந்த துத்தநாகம் கண்மாயுடையதா, வாளியுடையதா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

பட்டறைக்காரர்கள் தப்பித்துவிட்டார்களே என்று ஊரில் சிலருக்கு ஆதங்கம். எனக்கோ அன்றிலிருந்து ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. நீர் ஆய்வு அறிக்கை எது கையில் கிடைத்தாலும் எண்களை அப்புறம்தான் பார்க்கிறேன். எங்கே எடுத்தார்கள், எதில் எடுத்தார்கள், எதை எடுத்தார்கள் என்று முதலில் தேடுகிறேன். பெரும்பாலும் அது எழுதப்பட்டிருக்காது.

நுண்ணளவு உலோகங்கள் என்று சொல்கிறோமே, அந்த நுண்ணளவு எவ்வளவு நுண் என்பது மனதில் பதிவது கடினம். மொட்டைமாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியக் குடிநீர்த் தரநிலையின்படி அந்தத் தொட்டி முழுவதிலும் ஈயம் 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. கேட்மியம் 3 மில்லிகிராம். பாதரசம் 1 மில்லிகிராம், ஏறத்தாழ ஒரு சீனிப் பரலின் எடை. இந்த அளவில் வேலை செய்யும்போது, சோதிப்பவரின் விரல், மோதிரம், சட்டையில் ஒட்டிய தூசி, பாட்டிலின் மூடி எல்லாமே சாட்சிக் கூண்டில் ஏறி நின்றுகொண்டு பேச ஆரம்பித்துவிடுகின்றன.

இதை உலகத்துக்குப் புரியவைத்தவர் கிளேர் பேட்டர்சன் என்ற அமெரிக்க வேதியியலாளர். பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று 1950-களில் கணக்கிட்டுச் சொன்னவர். அந்தக் கணக்குக்குக் கல்லில் இருக்கும் ஈயத்தை அளக்க வேண்டியிருந்தது. அளக்கும்போதெல்லாம் எண் தாறுமாறாக வந்தது. ஈயம் கல்லிலிருந்து மட்டும் வரவில்லை. அறையின் காற்றிலிருந்து, கண்ணாடிக் குடுவையிலிருந்து, அவர் தலைமுடியிலிருந்தும் வந்தது. அறையையே துடைத்து, காற்றை வடிகட்டி, உலகின் முதல் தூய்மை ஆய்வகங்களில் ஒன்றை அமைத்த பிறகுதான் எண் நிலைத்தது. அதே கண்ணோடு கடல்நீர் குறித்து மற்றவர்கள் வெளியிட்டிருந்த ஈய அளவுகளைப் பார்த்தார். பல, ஆய்வாளர்கள் தங்கள் கையாலேயே கலந்துவிட்ட ஈயம்தான் என்று கண்டார். எங்கள் ஊர் ஜி.ஐ. வாளிக்குப் பெரிய இடத்துச் சொந்தம் இருக்கிறது.

இப்போது முறைகள் தெளிவாக இருக்கின்றன. பாட்டிலை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். மாதிரி எடுக்க இருவர் போக வேண்டும். ஒருவர் படகையும் கயிற்றையும் தொடுவார், மற்றவர் பாட்டிலை மட்டுமே தொடுவார். எடுத்த தண்ணீரில் நைட்ரிக் அமிலம் சேர்க்காவிட்டால் உலோகம் பாட்டிலின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, ஆய்வகத்துக்குப் போகும்போது தண்ணீர் சுத்தமாகிவிடும்! பாதரசத்தைச் சாதாரண பிளாஸ்டிக் பாட்டிலில் வைத்தால் அது சுவர் வழியாகவே ஆவியாய்ப் போய்விடும். கூடவே, தூய நீர் நிரப்பிய ஒரு பாட்டிலையும் ஏரிவரை கொண்டுபோய், அங்கே திறந்து மூடிக் கொண்டுவர வேண்டும். அந்தப் பாட்டிலில் உலோகம் தெரிந்தால் குற்றவாளி ஏரி அல்ல, நாம். இதற்கெல்லாம் பெரிய செலவு ஆகாது. ஆகும் செலவு பொறுமைதான்.

ஆனால் இத்தனையும் சரியாகச் செய்து, மாசில்லாத கையால், மாசில்லாத பாட்டிலில் எடுத்த தண்ணீரும் நம்மை ஏமாற்ற முடியும். கொடைக்கானல் அதற்குச் சாட்சி.

1983-இல், அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இயங்கிவந்த ஒரு தெர்மாமீட்டர் ஆலை கொடைக்கானலுக்கு இடம்பெயர்ந்து வந்தது. முதலில் பாண்ட்ஸ் நிறுவனத்தின் பெயரிலும், பின்னால் இணைப்பு வழியாக இந்துஸ்தான் லீவரின் கீழும் அது நடந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியின் பழைய இரும்புக் கடை ஒன்றில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடப்பதை ஊர் மக்களும் சூழல் அமைப்புகளும் வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறக்குறைய 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. மூன்றாம் உலகத்தில் குவிந்த கழிவு, ஆலை வந்த வழியே திரும்பிய அபூர்வமான நிகழ்ச்சி. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது 2016-இல்தான். ஆலை வளாகத்து மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது, கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் இருக்கலாம் என்ற வரம்பு போதுமா என்ற சண்டை தனிக்கதை.

நான் பேச வந்தது ஏரியைப் பற்றி. ஆலை நின்ற மேட்டிலிருந்து மழைநீர் பாம்பார் சோலைப் பக்கமாகத் தெற்கே இறங்குகிறது. ஏரி இருப்பதோ ஆலைக்கு வடக்கே. சாக்கடையைப் பின்தொடர்ந்து போகிறவர் ஏரிக்கு வந்து சேரவே மாட்டார். ஆனால் பாதரசத்துக்குச் சாக்கடை தேவையில்லை. சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும் உலோகம் அது. காற்றோடு போய், மழையோடும் பனியோடும் இறங்கும். அணுசக்தித் துறையைச் சேர்ந்த ஹைதராபாத் ஆய்வு மையத்தின் விஞ்ஞானிகள் முதலில் மரப்பட்டைகளில் வளரும் பாசியையும் கற்பாசியையும் சோதித்தார்கள். பிறகு ஏரிக்கு வந்தார்கள். 2006-இல் வெளியான அவர்கள் ஆய்வில், கொடைக்கானல் ஏரித் தண்ணீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் வரை பாதரசம் இருந்தது.

இந்த எண்ணைக் குடிநீர்த் தரநிலையோடு வைத்துப் பாருங்கள். பாதரசத்துக்கு அனுமதி லிட்டருக்கு 1 மைக்ரோகிராம், அதாவது 1,000 நானோகிராம். ஏரியில் இருந்தது அதில் பாதிகூட இல்லை. தேர்வில் பாஸ். அந்த ஒரு வரியை மட்டும் கேள்வியாக வைத்தவர், ஏரிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கையெழுத்திட்டு ஊருக்குக் கிளம்பியிருக்கலாம். இன்னொன்றும் நடந்திருக்கலாம். ஆய்வகத்தின் கருவியால் 1 மைக்ரோகிராமுக்குக் கீழே பார்க்க முடியாது என்றால், தாளில் 'பி.டி.எல்.' என்று அச்சாகியிருக்கும். கண்டறியும் எல்லைக்குக் கீழ் என்று அதற்குப் பொருள். எல்லை யாருடையது? கருவியுடையது. அடுத்த நாள் செய்தியில் அது 'ஏரியில் பாதரசம் இல்லை' என்று மாறிவிடும். என் அனுபவத்தில் 'பி.டி.எல்.' என்ற மூன்றெழுத்து காப்பாற்றிய அளவுக்கு எந்த வழக்கறிஞரும் ஆலைகளைக் காப்பாற்றியதில்லை.

அந்த விஞ்ஞானிகள் கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்தார்கள். வரம்போடு ஒப்பிட்டதோடு நிற்காமல், அதே மலையில் இருக்கும் பேரிஜம், குக்கல் ஏரிகளோடு ஒப்பிட்டார்கள். அங்கே தண்ணீரில் பாதரசம் வெகுவாகக் குறைவு. ஒரே மலை, ஒரே மழை, ஒரே மாதிரியான பாறை. வித்தியாசம் வேறெங்கிருந்தோ வந்தாக வேண்டும். ஆலையிலிருந்து வெளியேறிய பாதரசத்தால் ஏரி மாசுபட்டிருக்கிறது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். 'குடிக்கலாமா' என்று கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் பதில் வேறு. 'கெட்டிருக்கிறதா' என்று கேட்டதால் கிடைத்தது இந்தப் பதில்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். கொடைக்கானல் ஏரியின் பரப்பு சுமார் 24 ஹெக்டேர். சராசரி ஆழம் 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், தண்ணீர் 72 கோடி லிட்டர். லிட்டருக்கு 400 நானோகிராம் என்றால், அத்தனை தண்ணீரிலும் சேர்த்து இருக்கும் பாதரசம் 300 கிராமுக்கும் சற்றுக் குறைவு. பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமானது என்பதால், அளவில் அது 20 மில்லிலிட்டர் சொச்சம். இருமல் மருந்து மூடியில் இரண்டு மூடி. படகுகள் மிதக்கும், குதிரைகள் சுற்றிவரும் அந்த நட்சத்திர ஏரி முழுவதிலும் அவ்வளவுதான். பல ஆண்டுகள் நடந்த ஆலையின் பாதரசம் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும் என்று நினைப்பதே தவறு. அது நேரே கீழே போய்விடுகிறது. களிமண் துகளோடும் மக்கிய இலையோடும் ஒட்டிக்கொண்டு சேற்றில் படுத்துவிடுகிறது. மேலே தண்ணீர் வரும், வழியும், வெள்ளி அருவியாய் விழும், மறுபடி மழை பெய்யும். சேறு அங்கேயே இருக்கும்.

படுத்த இடத்தில் அது சும்மாவும் இருப்பதில்லை. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் ஒருவகை பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. புழுவிடமிருந்து சின்ன மீனுக்கும், சின்ன மீனிடமிருந்து பெரிய மீனுக்கும், மீனிடமிருந்து நமக்கும் ஏறிவரும் வடிவம் அது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் தெரியவந்த நோய்க்குக் காரணம் இதுதான். அங்கே யாரும் விரிகுடாத் தண்ணீரைக் குடிக்கவில்லை; மீன் சாப்பிட்டார்கள். கொடைக்கானல் ஏரிச் சேற்றில் இருந்த பாதரசத்தில் சுமார் 6 விழுக்காடு மெத்தில் வடிவத்தில் இருந்ததாக அதே 2006 ஆய்வு சொல்கிறது. பேரிஜத்தில் 3 முதல் 4, குக்கலில் 2. அவர்கள் மீனையும் பிடித்துச் சோதித்தார்கள், அதிலும் பாதரசம் இருந்தது.

மீன் தின்னும் பறவைகளையும் விலங்குகளையும் காப்பாற்றுவதற்கென்று அமெரிக்காவின் பெருஏரிகளுக்கு 1995-இல் ஒரு பாதரச வரம்பு வகுத்தார்கள். லிட்டருக்கு 1.3 நானோகிராம். குடிநீருக்கு நாம் வைத்திருப்பது 1,000. இரண்டில் ஒன்று தப்பு என்று எண்ண வேண்டாம். ஒன்று டம்ளரில் குடிப்பவருக்கானது. மற்றது உணவுச் சங்கிலியின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் கழுகுக்கும் நீர்நாய்க்கும் ஆனது. ஏரிக்கு எந்தத் தராசு என்பதை முடிவு செய்யாமல் எடை போட்டால் எடை என்ன வந்து என்ன?

நம் தராசு எப்படி இருக்கிறது? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மேற்பரப்பு நீரை ஏ முதல் ஈ வரை ஐந்து வகுப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதில் 'டி' வகுப்பு, காட்டுயிர்களுக்கும் மீன்வளத்துக்கும் ஏற்ற நீர். அதற்குப் பார்க்க வேண்டியவை மூன்று: அமில காரத் தன்மை, கரைந்த ஆக்சிஜன், தனி அம்மோனியா. முடிந்தது. மீன் பிழைத்திருக்குமா என்று கேட்கும் பட்டியல் அது. அந்த மீனைத் தின்பவர் என்ன ஆவார் என்று அது கேட்பதில்லை. உலோகங்களை வாரியங்கள் வேறு பட்டியல்களில் அவ்வப்போது பார்க்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஏரி எந்த வகுப்பு என்று முடிவு செய்யும் இடத்தில் ஈயத்துக்கும் பாதரசத்துக்கும் கேட்மியத்துக்கும் நாற்காலி போடவில்லை. சேற்றின் கதி இன்னும் மோசம். குடிநீருக்கு இருப்பதுபோல் ஏரிச் சேற்றுக்கென்று ஓர் இந்தியத் தரநிலையே கிடையாது. வரம்பு இல்லாததால் யாரும் அளப்பதில்லை, யாரும் அளக்காததால் வரம்பும் வருவதில்லை.

இது ஏதோ சுற்றுலாத் தலத்து ஏரியின் பிரச்சினை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. தமிழ்நாட்டில் ஏரிச் சேறு ஏரியோடு நிற்பதில்லை. கண்மாய் வண்டலை வண்டி கட்டி அள்ளிவந்து வயலில் போடுவது நம் பாட்டன் காலத்து வழக்கம்; நல்ல வழக்கம். குடிமராமத்து 2017-இல் மறுபடி உயிர்பெற்றதிலிருந்து ஏரிகள் தூர் வாரப்படுகின்றன. விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் இலவசமாக வண்டல் எடுத்துக்கொள்ள அரசே அனுமதிக்கிறது. பெரும்பாலான கண்மாய்களில் இதில் அஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் முலாம் பட்டறையின் வாசலில் இருக்கும் கண்மாய், பேட்டரி உடைக்கும் இடத்தின் கீழே இருக்கும் குளம், தோல் பட்டறைகளின் கழிவு வாங்கிய ஏரி ஆகியவற்றின் வண்டலையும் அதே அனுமதிச் சீட்டில் டிராக்டர்கள் அள்ளிப் போகின்றனவே? வண்டி ஏறுவதற்கு முன் அந்தச் சேற்றில் ஒரு கைப்பிடியை யாராவது சோதிக்க வேண்டாமா? இராணிப்பேட்டையில் 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல் குன்றாகக் குவிந்து கிடந்தது. அங்கே குரோமியம் எவ்வளவு என்று கேட்பதுகூடப் பாதிக் கேள்விதான். மூன்றாம் நிலைக் குரோமியமா, நஞ்சு கூடிய ஆறாம் நிலைக் குரோமியமா என்பது மீதிப் பாதி.

சேற்றைச் சோதிக்கச் சொல்வதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீர் இன்றைய நாளைப் பற்றி மட்டும் பேசும். நேற்று மழை பெய்திருந்தால் பேச்சை மாற்றிக்கொள்ளும். மாதிரி எடுக்க வருகிறார்கள் என்று தெரிந்து ஆலைக்காரர் இரண்டு நாள் குழாயை மூடிவைத்தால் வாயையே மூடிக்கொள்ளும். சேறோ வருடம் வருடமாக அடுக்கு வைத்துக்கொண்டே போகிறது. கொடைக்கானல் ஏரியின் பிறந்த வருடம் நமக்குத் தெரியும். மதுரைக் கலெக்டராக இருந்த வேரே ஹென்றி லெவிஞ்ச் ஓடையை மறித்து அணை கட்டியது 1863-இல். அப்படியானால் ஏரியடிச் சேற்றின் கீழ் அடுக்குகள் 120 வருடங்கள் ஆலையே இல்லாத காலத்தவை. மேல் அடுக்குகள் ஆலைக் காலத்தவையும் அதற்குப் பிந்தியவையும். நீளமான ஒரு குழாயைச் சேற்றில் இறக்கி, அடுக்குக் குலையாமல் உருவி, சென்டிமீட்டர் சென்டிமீட்டராக வெட்டி அளந்தால் பாதரசம் எந்த அடுக்கில் ஏறியது, 2001-க்குப் பிறகு இறங்கியதா, இல்லையா என்று தெரிந்துவிடும். அடுக்குகளின் வயதை ஈயம் 210 என்ற கதிரியக்க ஐசோடோப்பை வைத்துக் கணக்கிடலாம். இது உலகம் முழுக்க ஏரி ஆய்வாளர்கள் செய்கிற வேலைதான். ஒரே நிபந்தனை, சேறு கலையாமல் இருக்க வேண்டும். ஏரியை அழகுபடுத்துகிறோம், ஆழப்படுத்துகிறோம் என்று இயந்திரத்தை உள்ளே இறக்குவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும். ஒருமுறை கலக்கிவிட்டால் அந்த அடுக்குகளை மறுபடி யாராலும் அடுக்க முடியாது. அதோடு, அடியில் படுத்திருந்ததும் எழுந்து தண்ணீருக்கு வந்துவிடும்.

அறிக்கையை யாருக்கு எழுதுகிறோம் என்பதும் இருக்கிறது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், எந்த ஏரியின் எந்த மீனை மாதத்துக்கு எத்தனை முறை உண்ணலாம், கருவுற்ற பெண்கள் எதைத் தவிர்க்க வேண்டும் என்று மக்களுக்குப் புரியும் மொழியில் அரசே வெளியிடுகிறது. நம் அறிக்கைகளில் எண் இருக்கும், அலகு இருக்கும், வரம்பு இருக்கும். மீன் வாங்கிவந்து குழம்பு வைக்கிற வீட்டுக்கு ஒரு சொல்லும் இருக்காது.

எங்கள் ஊர்க் கதையை முடித்துவிடுகிறேன். வாளி விவகாரத்துக்கு அடுத்த கோடையில் நண்பர் மறுபடி மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கண்மாய்க்குப் போனார். நானும் போனேன். இந்த முறை வாளியே இல்லை. நாலடி நீளத்துக்கு ஒரு பி.வி.சி. குழாய், ரப்பர் மூடி, ஒரு மரச் சுத்தியல். தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றியிருந்தது. இரண்டு பையன்கள் குழாயை நட்டு அடித்து இறக்கினார்கள். மேலே மூடியை அழுத்தியதும் சேறு குழாயோடு ஏறிவந்தது. கரையில் செய்தித்தாளை விரித்து, பின்னாலிருந்து ஒரு கட்டையால் மெதுவாகத் தள்ளினார்கள். மேலே ஒரு சாண் அளவுக்குக் கருப்பு. அழுகிய முட்டை வாடை. அதன் கீழே சாம்பல் கலந்த பழுப்பு. அடியில் கெட்டியான செம்மண் நிறக் களி, நடுவே ஒரு நத்தைக்கூடு.

"பட்டறை எந்த வருஷம் சார் வந்துச்சு?" என்று கேட்டான் ஒருவன். நண்பர் என்னைப் பார்த்தார். நான் கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரைப் பார்த்தேன். அவர் கருப்பு முடிந்து பழுப்பு தொடங்கும் இடத்தைக் கம்பால் காட்டி, "இதுக்கு மேலேதான் இருக்கும்" என்றார்.

வெட்டி, பொட்டலம் கட்டி, எண் போட்டு, அடுத்த வாரம் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனோம். கட்டணப் பட்டியலில் குடிநீர், கிணற்று நீர், கழிவுநீர் என்று வரிசையாக இருந்தது. பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்த அலுவலர் நல்ல மனிதர். செய்துகொடுக்க அவருக்கு ஆட்சேபம் இல்லை. "சரி, செய்யலாம். ஆனா எதோட ஒப்பிட்டுப் போடட்டும்?" என்று கேட்டார்.

"கீழ் அடுக்கோட" என்றார் நண்பர்.